ஹேமநாதன் ‘இப்போது’ அழுத்திய நாள்

கோவில்பதாகை ஜம்புலிங்கத்தின் மகன் ஹேமநாதன் பொறியாளர் என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகமே கிடையாது. குடும்பத்தில் இவனுக்கு முன் ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை என்று முத்திரை குத்திய முதல் பட்டதாரி சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. பட்டமளிப்பு விழாப் படம் சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில் சுவரில் தொங்குகிறது. சந்தேகமெல்லாம் ஹேமநாதனுக்குத்தான்.

அவன் வேலை பார்ப்பது மண்ணூர்பேட்டையில், ஒரு பேட்டரி கடையின் மாடியில் இருக்கும் ப்ராஜெக்ட் சென்டரில். கடைசி வருட மாணவர்கள் சொந்தமாகச் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட்டை, பிள்ளைகள் பாவம் சிரமப்படக் கூடாதே என்று இவர்களே செய்து கொடுப்பார்கள். செய்வது என்றால் முதல் பக்கத்தில் பெயரை மாற்றுவது. ஹேமநாதனும் 2021இல் இங்கேதான் தன் ப்ராஜெக்ட்டை வாங்கினான். ஒரு வருடம் வேலை தேடி அலைந்துவிட்டு, அந்த ப்ராஜெக்ட்டில் ஒரு சந்தேகம் கேட்கத் திரும்பி வந்தான். முதலாளி கஜபதி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“சந்தேகம்லாம் வருதா உனுக்கு? பெரிய ஆளுதான் நீ. இங்கியே இருந்துக்க.”

அப்படித்தான் வேலை கிடைத்தது.

கடையில் அதிகம் விற்பது ஹெல்மெட் ப்ராஜெக்ட். வண்டி ஓட்டுபவரின் படத்தைக் காட்டினால், ஹெல்மெட் போட்டிருக்கிறாரா இல்லையா என்று புரோகிராம் சொல்லும். துல்லியம் 98.7 சதவீதம். ஒன்பது வருடமாக அதே 98.7. ஹேமநாதனும் தன் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதைத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

அந்த ஒன்பது வருடமும் கடைக் கம்ப்யூட்டரில் எதையும் யாரும் மாற்றியதில்லை. மானிட்டரின் மேல் கஜபதி ஒரு தாள் ஒட்டியிருந்தார்: ‘அப்டேட் கேட்டால் பிறகு என்று அழுத்தவும். மீறினால் வேலை காலி.’ அதன்மேல் போன ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம். தினமும் காலையில் அப்டேட் கேட்கும். ஹேமநாதன் ‘பிறகு’ என்பான். மூன்று வருடமாக இதுதான் அவன் செய்த முழுமையான தொழில்நுட்பப் பணி.

போன வாரம் ஜம்புலிங்கம் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் காவல் இருப்பவர். மகனுக்கு ‘நெஜ வேலை’ கிடைக்க வேண்டும் என்று வேண்டுதலாம். முருகன் தலைமுடியை வாங்கிக்கொண்டு நிதானமாக யோசிப்பதாகத் தெரிந்தது.

“இன்னாடா, எவனாச்சும் கூப்ட்டானா?” என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அப்புறமா கூப்டுவாங்கப்பா.”

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அப்டேட் கேட்டது. இப்போதா, பிறகா? எல்லாவற்றுக்கும் எத்தனை நாளைக்குத்தான் ‘பிறகு’ என்றே அழுத்திக்கொண்டிருப்பது என்று ஹேமநாதனுக்குத் தோன்றியது. ஞானம் என்று நினைத்துக்கொண்டு ‘இப்போது’ அழுத்தினான்.

பத்தரைக்கு தாட்சாயிணி வந்தாள். ஆவடிப் பக்கத்துக் கல்லூரி மாணவி. அப்பா டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர், குடியிருப்பது குவார்ட்டர்ஸில். மற்றவர்கள் போன வாரமே தங்கள் பிரதியை வாங்கிப் போய்விட்டார்கள். இவள் மட்டும் அம்மை போட்டு இரண்டு வாரம் படுத்திருந்தாள்.

“அண்ணா, ரெண்டு மணிக்கு வைவா. ஓட்டிக் காமிங்க, கெளம்பறேன்.”

ஹேமநாதன் ஓட்டினான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

“இன்னாண்ணா இது?”

“புதுசா வந்த வெர்ஷன்ல பழைய கட்டளைங்கள எடுத்துட்டாங்க போல. நம்ம புரோகிராம் கூப்பிடுது, அங்க ஆளே இல்ல.”

“யாரு அப்டேட் பண்ணது?”

ஹேமநாதன் மானிட்டரின் மேலிருந்த தாளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

“ஐயோ அண்ணா! இதுல ஃபெயிலானா அரியர். அரியர் இருந்தா வேலைல சேர்க்க மாட்டேன்னு எனக்கு வேலை குடுத்த கம்பெனிக்காரன் ஆர்டர்லயே போட்டிருக்கான். எங்கப்பா குவார்ட்டர்ஸ் ஃபுல்லா ஜாங்கிரி குடுத்துட்டாரு!”

பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். புதுப்பித்த கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்தக் கடையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, புரோகிராமைப் படித்துப் பார்ப்பது.

நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். முதல் வரியில் ‘மோகனப்பிரியா, 2016’ என்று இருந்தது. யாரோ ஒரு பெண் உண்மையிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்! ஒரு பிழையைத் திருத்தினால் அடுத்தது வந்தது. தாட்சாயிணி போனில் தேடித் தேடிப் புதிய கட்டளையைச் சொன்னாள், இவன் மாற்றினான். பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு போய் வெள்ளை எழுத்து வந்தது: துல்லியம் 98.7.

“அப்பாடா!” என்றான் ஹேமநாதன்.

தாட்சாயிணி நகம் கடித்தாள். “அண்ணா, நாம இன்னும் போட்டோவே குடுக்கலையே.”

இருவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். முன்னூற்று எண்பத்தெட்டாவது வரி. கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை. ‘98.7 என்று காட்டு’ என்பது மட்டும்தான் அந்த வரி. மோகனப்பிரியாவுக்கும் அன்று இரண்டு மணிக்கு வைவா இருந்திருக்க வேண்டும்.

ஹேமநாதனுக்குக் காது சூடானது. சுவரில் தொங்கும் அங்கி போட்ட படம் கண்முன் வந்து போனது. அந்த வரியை அழித்துவிட்டு, கொடுத்த படங்களில் எத்தனைக்குச் சரியாகச் சொன்னது என்று நிஜமாகவே எண்ணிச் சொல்லும்படி நான்கு வரி எழுதினான். சொந்தமாக எழுதிய முதல் நான்கு வரி. ஓட்டினான்: 61.

அந்த நேரம் பார்த்துக் கஜபதி உள்ளே வந்து கம்ப்யூட்டர் கேமராவுக்கு முன்னால் நின்றார். அவர் வழுக்கைத் தலையைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது: ‘ஹெல்மெட் உள்ளது.’

தாட்சாயிணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யார்றா என் தலைக்குக் கட்டம் போட்டது? நைனா, அப்டேட் பண்ணியா நீ?”

“பண்ணேன் சார்.”

“வேல காலின்னு எழுதி ஒட்டிக்கீறேன், படிக்கத் தெரியாது?”

“சார், அப்புறம் திட்டுங்க, இது ஏன் உங்கள ஹெல்மெட்டுன்னு சொல்லுதுன்னு பார்க்கணும்” என்றாள் தாட்சாயிணி. பயிற்சிக்குக் கொடுத்த படங்களைத் திறந்தார்கள். ஹெல்மெட் போடாதவர்கள் அத்தனை பேரும் இளவட்டம், தலை நிறையக் கறுப்பு முடி. ஆகவே புரோகிராமுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கறுப்பாக இருந்தால் தலை, உருண்டையாகப் பளபளத்தால் ஹெல்மெட்.

“98.7ஐத் திருப்பிப் போட்டுத் தரேன்மா. ரிஸ்க் எடுக்காத” என்றான் ஹேமநாதன்.

“இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. காலைல மூணு டீம் வரிசையா 98.7 சொல்லியிருக்காங்கண்ணா. எல்லாரும் ஒரே கடைல வாங்கினீங்களான்னு கேட்டாராம் வைவா எடுக்க வெளிலேர்ந்து வந்த சார். நாலாவதா நானும் சொன்னா தொலைஞ்சேன். அறுபத்தொண்ணே இருக்கட்டும்.”

அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, ஹேமநாதன் வராந்தா ஜன்னல் ஓரம் நின்றான். தேர்வாளர் உள்ளே உட்கார்ந்திருந்தார். கஜபதிக்காவது காதோரம் நாலு முடி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

“எங்க, என்னை வெச்சே காட்டு.”

‘ஹெல்மெட் உள்ளது.’

பின்வரிசையில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான்.

“துல்லியம் எவ்வளவு?”

“அறுபத்தொண்ணு சார்.”

“ஏன் இவ்ளோ கம்மி?”

தாட்சாயிணி ஆரம்பித்தாள். கறுப்பு முடி, பளபளப்பு, போட்டோவில் யார் இல்லை, அதனால் எது தப்பாகிறது. அவர் குறுக்கே நான்கு கேள்வி கேட்டார். மூன்றுக்குப் பதில் சொன்னாள், ஒன்றுக்குத் தெரியாது என்றாள்.

“முன்னூறு போட்டோல ஒரு வழுக்கைத் தலைகூட இல்லையா?”

“இல்ல சார். எல்லாம் காலேஜ் பசங்க.”

அவர் தன் போனை எடுத்து, கையை உயர நீட்டி, தன் தலையைத் தானே படமெடுத்தார். “இதையும் சேர்த்துக்கோ. பாஸ். அடுத்த டீம்.”

ஹேமநாதன் சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது கஜபதி அவன் வேலையைக் காலி செய்யவில்லை. மானிட்டர் தாளைக் கிழித்துவிட்டு வாசலில் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தார்: ‘நிஜ ரிசல்ட்டும் கிடைக்கும்.’ அதற்குத் தனி ரேட்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஹேமநாதன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்து, போனை அவர் மொட்டைக்கு நேரே பிடித்தான்.

“இன்னாடா பண்றே?”

“ப்ராஜெக்ட்டுப்பா.”

“அதான் நாலு வருசம் முன்னியே முடிச்சிட்டியே?”

“முடிக்கலப்பா. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன்.”

ஜம்புலிங்கம் சுவரை அண்ணாந்து பார்த்தார். “அப்போ அந்த போட்டோவ எறக்கிடவா?”

“இருக்கட்டும்பா. ஆணி அடிச்சாச்சு.”

அவர் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“சட்டுனு எட்றா. ஒரு வாரம் ஆச்சு, முடி மொளச்சிகினு கீது.”