வெயிலை மறைத்த பலகை

குளிர்காலக் காலையில் வந்ததும் எலிகியோ ஆர்ச்சுலேட்டா சுவரைத்தான் தொடுவார். கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, மூடிக்கிடக்கும் கடையின் மண்சுவரில் உள்ளங்கையை வைப்பார். சூடு ஏறியிருந்தால், "ம்ம், அடுப்பு பத்திக்கிச்சு" என்று உட்காருவார். ஏறாவிட்டால் சூரியனுக்கே திட்டு விழும்.

நியூ மெக்சிகோவின் வடக்கு மலையடிவாரத்தில் விறகு வெட்டி விற்கிறவர். வண்டியில் எப்போதும் ரம்பம், வாயில் எப்போதும் வசவு. விறகு ஈரமாக இருக்கிறதே என்று கேட்ட ஒருத்தரிடம், "அப்ப கட்டிப்பிடிச்சுக் காயவை" என்று கத்திவிட்டு, சாயங்காலமே காய்ந்த விறகாகக் கொண்டுவந்து கொட்டினார்.

தெற்கே பார்த்த அந்தச் சுவரோரத்துக்கு ரெசொலானா என்று பெயர். வெயில் மட்டும் இருந்தால் அது ரெசொலானா ஆகிவிடாது; உட்கார்ந்து ஊர்வம்பு அளக்க நாலு பேர் வேண்டும். "அவரா? ரெசொலானாவுல கிடக்காரு" என்று ஒரு வீட்டுக்காரி சொன்னால், மதியம்வரை ஆளைத் தேடிப் பயனில்லை.

காற்றே நுழையாத மூலை எலிகியோவின் கூட்டாளி சபீனோவுக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய இடது கை சில்லிட்டே கிடக்கிறது. அந்தக் கையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, எலிகியோ விடும் புளுகுக்கெல்லாம் கோணல் வாயால் சிரிப்பார்.

போன மாதம் ஊர் அழகுக் குழு சுவருக்கு எதிரே பெரிய மரப்பலகை ஒன்றை நட்டது. 'ரெசொலானா: குளிர்காலத்தில் மக்கள் கூடி வெயில் காயும் இடம்' என்று வெளியூர்க்காரர்களுக்குப் பொருள் விளக்கம். அதன் நிழல் காலை முழுக்கச் சபீனோவின் மூலையில் விழுந்தது. மற்ற இடத்தில் காற்று அறுக்கும். நடுங்கிக்கொண்டு வீடு திரும்பியவரை மருமகள் அதன்பின் அனுப்பவில்லை, டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டாள்.

குழுத் தலைவி வயோலாவிடம் எலிகியோ போனார்.

"நாலடி தள்ளி நடும்மா."

"எவ்வளவு அழகா எழுதியிருக்கு, படிச்சீங்களாண்ணே? கோடைக் கூட்டத்துல பேசுவோம்."

"கோடையில எவனுக்கும்மா வெயில் வேணும்? பேரை எழுதி வச்சுட்டு இடத்தைப் பிடுங்கிட்டீங்களே!"

நட்டவர்களில் ஒருவருக்குக்கூட நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கத் தோன்றவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது. எலிகியோவுக்கு எரிந்தது வயிறு மட்டுமா?

மறுநாள் காலை ரம்பம் உறுமியது. கால்கள் இரண்டும் அறுபட்டுப் பலகை சாய்ந்தது. "எவன் கேட்டாலும் எலிகியோதான் வெட்டுனான்னு சொல்லுங்கடா" என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் கத்திவிட்டு, அதை இழுத்து மூலையில் பனி உருகிய சேற்றின்மேல் கவிழ்த்துப் போட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய், மருமகள் தடுக்கத் தடுக்கச் சபீனோவைக் கூட்டிவந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, சேறு படாமல் அவர் கால்களைப் பலகைமேல் தூக்கி வைத்தார்.

அத்தனை நேரமும் வசவு நிற்கவில்லை. குழுவை, வயோலாவை, பலகைக்குச் சாயம் அடித்தவனை, ஒருவரையும் விடவில்லை. திட்டிக்கொண்டே குனிந்து, சபீனோவின் இடது கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். அந்த உள்ளங்கையைச் சுவரில் வைத்து, தன் கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.