மூன்றாம் மாடி ஆன்ட்டியும் லிஃப்ட் ஸ்டேக்ஹோல்டர்களும்

இன்று காலை எங்கள் அபார்ட்மெண்டில் ரிப்பன் வெட்டினார்கள்!

புது லிஃப்டுக்கு இல்லை. ரிப்பேர் ஆன பழைய லிஃப்டுக்கு! (சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் உண்டு. லிஃப்டுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.)

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஐந்து மாடிக் கட்டடம் எங்களுடையது. நான் இரண்டாவது மாடி. எனக்கு நேர் மேலே ஸ்டெல்லா ஆன்ட்டி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான்.

வாரம் முழுக்க வீட்டுக்குள் இருக்கச் சொன்னாலும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். (எங்கள் ஏரியாவில் சர்ச்சும் கோயில்தான்.)

இரண்டு மாதம் முன்பு பெய்த மழையில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. லிஃப்ட் நின்றது. ஆன்ட்டியின் ஞாயிற்றுக்கிழமையும் நின்றது.

நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்குகிறோம் என்றோம். "நான் என்ன பீரோவா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

உடனே களத்தில் இறங்கினார் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ராவ் சார். ஏதோ பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். தண்ணீரை இறைக்க ஆள் கூப்பிடுவார் என்று பார்த்தால், வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்!

பெயர், 'லிஃப்ட் ஸ்டேக்ஹோல்டர்ஸ்', அதாவது லிஃப்டோடு சம்பந்தப்பட்டவர்கள்.

லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் அன்வர் அதில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். "குழி காயணும் சார். காயாம எங்க ஆளு கை வைக்க மாட்டான்."

பில்டர் ஆபீஸ் இன்ஜினியர் நாகேஷ் பதில் போட்டார். "குழியில வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும்னா, அவங்க ஆளு வந்து லிஃப்டை மேல ஏத்தி லாக் பண்ணணும். அவங்க வந்தா நாங்க வர்றோம்."

"அவங்க வந்தா நாங்க வர்றோம் சார்" என்று அன்வர்.

"ஆயித்து, ஆயித்து. ரெண்டு பேரும் அலைன் ஆகிட்டு சொல்லுங்க" என்று ராவ் சார். (கன்னடத்தில் 'ஆயித்து' என்றால் 'ஆச்சு'. மேனேஜர் பாஷையில் 'அலைன்' என்றால் பேசி ஒத்துப்போவது.)

அலைன் ஆனார்கள். குரூப்பில் ஆளுக்கொரு கட்டை விரல் போட்டார்கள். குழிப் பக்கம் ஒருவரும் வரவில்லை!

நான் ராவ் சாரிடம் கேட்டேன். "சார், குரூப்ல ஸ்டெல்லா ஆன்ட்டியைச் சேர்க்கலையே?"

"அவங்க எண்ட் யூசர்ம்மா. எண்ட் யூசரைச் சேர்த்தா டிஸ்கஷன் எமோஷனல் ஆயிடும்."

(லிஃப்டில் போகிறவருக்கு லிஃப்டைப் பற்றிப் பேச உரிமை இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.)

போன வாரத்துக்கு முந்தின வாரம் மீட்டிங் வைத்தார்கள். எல்லாரும் வரலாம், ஓப்பன் மீட்டிங். இடம், மொட்டை மாடி ஹால்!

ஆன்ட்டி ராவ் சாருக்கு ஃபோன் போட்டார். "மொட்டை மாடிக்கு நான் எப்படி சார் வர்றது? லிஃப்ட்லயா?"

ராவ் சார் ஒரு தடவை இருமினார். பிறகு, "ஆன்லைன் லிங்க் அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். நீங்க என் வீட்டைத் தாண்டித்தானே மேல போகணும்."

அப்படியே ஆனது. ராவ் சார், அன்வர், நாகேஷ் மூன்று பேரும், பின்னால் நானும் மூன்றாவது மாடிக்கு வந்தபோது அவர்களுக்கு மூச்சு இரைத்தது. ஆன்ட்டி கதவைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டு, தண்ணீரோடு தயாராக இருந்தார். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆன்ட்டி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து வாசலை அடைத்து நிறுத்தினார்.

"மேல பேசறதை இங்கயே பேசுங்க."

"மேடம், இதுக்கு ஒரு ப்ராசஸ் இருக்கு" என்றார் நாகேஷ்.

"இருக்கட்டும்ப்பா. அன்வர், உங்க ஆளு என்னைக்கு ஃப்ரீ?"

"செவ்வாக்கிழமை ஆன்ட்டி."

"நாகேஷ், உங்க ஆளு?"

"செவ்வாக்கிழமைன்னா... வரலாம்."

"ராவ் சார், செவ்வாக்கிழமை கேட்டைத் தொறந்து விடுவீங்களா?"

"விடுவேன்."

முடிந்தது! டம்ளரில் தண்ணீர்கூடத் தீரவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தானா இத்தனை வாரம் ஒரு மனுஷியை வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள்?

செவ்வாய்க்கிழமை இரண்டு ஆட்களும் ஒன்றாக வந்தார்கள். தண்ணீரை இறைத்து, குழியில் வாட்டர்ப்ரூஃபிங் பூசினார்கள். பூசியது காய்ந்தது, லிஃப்ட் ஓடியது.

இன்று ஞாயிறு. ஆன்ட்டி பட்டுப்புடவை கட்டி, மடியில் பைபிளோடு மூன்றாவது மாடியில் காத்திருந்தார். நாற்காலியைத் தள்ள நான். கீழே தேங்காய் உடைத்த சத்தம் கேட்டது. லிஃப்ட் மேலே வந்து கதவு திறந்தது.

உள்ளே ராவ் சார், அன்வர், நாகேஷ், நடுவில் மாலை!

"வாங்க ஆன்ட்டி! நீங்கதான் சீஃப் கெஸ்ட்!"

எங்கே வருவது? சக்கர நாற்காலியில் காலை வைக்கும் பலகைகூட உள்ளே நுழையாது.

"யாராவது இறங்குங்களேன்" என்றேன்.

ராவ் சார் நாகேஷைப் பார்த்தார். நாகேஷ் அன்வரைப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் ட்ரிப்ல கம்பெனி ஆளு உள்ள இருக்கணும் மேடம்" என்றார் அன்வர். "பில்டர் சார்பா நான் இருக்கணும்" என்றார் நாகேஷ். "நான் செக்ரட்டரிம்மா" என்றார் ராவ் சார்.

ஆன்ட்டி வாட்சைப் பார்த்தார். பிறகு வார்டில் விசிட்டர்களைத் துரத்துகிற குரலில் சொன்னார். "எல்லாரும் இறங்குங்க. படி அந்தப் பக்கம் இருக்கு."

இறங்கினார்கள்! மாலையும் இறங்கியது.

லிஃப்டில் ஆன்ட்டி தானே பட்டனை அழுத்தினார். கீழே கதவு திறந்ததும் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

ஆட்டோவில் ஏற்றி, நாற்காலியை மடித்து வைக்கும்போது ராவ் சார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு போட்டோ! ஸ்டேக்ஹோல்டர்ஸ் எல்லாரும் லிஃப்ட் முன்னாடி நிக்கறாங்க. நீங்க வந்தா எடுத்துடலாம்!"

"கோயில்ல பூசை முடிஞ்சு வர்றேன் சார். நான் ரெண்டு மாசம் காத்திருந்தேன். நீங்க ஒரு மணி நேரம் நில்லுங்க."

ஆட்டோ ஆன்ட்டியோடு கிளம்பிவிட்டது, நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

இதை டைப் செய்யும்போதும் கீழே நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். போட்டோவில் நடுவில் யார் என்று இன்னும் அலைன் ஆகவில்லையாம்!