காட்டினானா, கையில் இருந்ததா

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் உண்டு. ஜனங்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் சொல்வதைச் சட்டம் தாங்குகிற தமிழில் எழுதுவது அவர் வேலை. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆரணியில் அந்த வேலையை நான் பார்த்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. ஏட்டாக இருக்க வேண்டும், கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், முதுகு வலியால் ரோந்து போக முடியாதவனாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் ரைட்டர் ஆக்கிவிடுவார்கள்.

அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். தெற்கே கடலோரத்துக்காரர். மீன், உப்பு, படகு பற்றி எது கேட்டாலும் சொல்வார். தறி பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் தறி தெரியாமல் போலீஸ் வேலை பார்ப்பது சிரமம். மனுக்களில் பாதி, நெசவாளி காலைத் தொங்கப்போட்டு உட்காரும் தறிக்குழியில் இருந்துதான் வரும்.

அவர் வந்து இரண்டாவது வாரம், ஒரு காலை. நான் கோர்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டே, "ஏட்டய்யா, சீக்கிரம் ஏறும். ஆஸ்பத்திரி வண்டிக்கும் சொல்லிட்டேன்" என்றார். பின்சீட்டில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஒரு நெசவாளி உட்கார்ந்திருந்தார். சப் இன்ஸ்பெக்டர் மனுவை என் கையில் திணித்தார். பென்சிலில் இரண்டே வரி. "இன்று காலை ஒன்பது மணிக்கு என் உடன்பிறந்த தம்பி கத்திரிக்கோலால் என் பாவை முழுவதும் அறுத்துவிட்டான். தக்க நடவடிக்கை எடுக்கவும்."

"நான் கேட்டேன், உயிரு இருக்கான்னு" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "முழுசா போச்சு, ஒண்ணுகூட நிக்கலங்கான். அப்படியே கல்லு மாதிரி சொல்லுதான்வே."

எனக்குப் புரிந்துவிட்டது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். அந்தப் பாவுதான் மனுவில் பாவை ஆகியிருக்கிறது. சப் இன்ஸ்பெக்டர் அதைப் பெண்பிள்ளை என்று படித்திருக்கிறார். இலக்கணப்படி இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஆனால் ஜீப் மார்க்கெட்டைத் தாண்டிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது வாயைத் திறந்து இலக்கணம் பேசினால் நம் கதி என்ன என்று யோசித்தேன். பேசாமல் வந்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சப் இன்ஸ்பெக்டர், "எங்கே?" என்றார். மனு கொடுத்த அண்ணன் தறியைக் காட்டி, "இதோ சார்" என்றான். அரக்குச் சிவப்பில் ஆயிரக்கணக்கான இழைகள், நட்டநடுவில் அறுபட்டு இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. சப் இன்ஸ்பெக்டர் தறிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். குனிந்து குழிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அதற்குள் ஆஸ்பத்திரி வண்டி வாசலில் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது.

வேறொருவராக இருந்தால் அந்த அவமானத்துக்கே யாரையாவது உள்ளே வைத்திருப்பார். இவர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து, "சரி, சொல்லும். இது என்னது?" என்றார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

நான் சொன்னேன். ஒரு பாவில் மூன்று புடவை வரும். இதில் முதல் புடவையே பாதிதான் ஆகியிருக்கிறது. எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாவுக்கு எவன் குழியில் இறங்கினானோ அவன்தான் அதை முடிக்க வேண்டும், பாதியில் ஆள் மாறக் கூடாது. கை மாறினால் இழையை அடிக்கிற பலம் மாறும், புடவையில் கோடு போட்ட மாதிரி தெரியும் என்பார்கள். இந்தத் தறியில் உட்கார்ந்திருந்தவன் தம்பி.

தம்பி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அவனை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, காகிதத்தில் தெரியும். போலீஸ் தேர்வில் ஓடி, தாண்டி, எழுதி எல்லாவற்றிலும் தேறியிருந்தான். பாக்கி ஒன்றுதான். இவன் மேல் வழக்கு எதுவும் உண்டா, நடத்தை எப்படி என்று உள்ளூர் ஸ்டேஷனில் கேட்பார்கள். அந்தப் படிவம் நான்கு நாளாக என் மேஜை டிராயரில் இருந்தது.

தேர்வில் தேறிய செய்தி வந்த மறுநாளே அண்ணன் இவன் தறியில் புதுப் பாவு ஏற்றிவிட்டான். வாயால் போகாதே என்று சொல்லவில்லை. பாவு ஏற்றினால் போதும். மூன்று புடவை முடிய மாதக்கணக்கு ஆகும், அது முடிவதற்குள் இன்னொன்று ஏற்றலாம். தம்பி பத்து நாள் நெய்து பார்த்தான். பதினோராம் நாள் கத்திரிக்கோலை எடுத்தான். அண்ணன் பதறி ஓடி வர, "கிட்ட வராத" என்று கத்தினான். இவ்வளவுதான் குற்றம்.

எல்லோரையும் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தோம். அண்ணன் மனைவியும் கூட வந்தாள். சப் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். பட்டை அறுத்தது மட்டும் என்றால் மனு ரசீது கொடுத்து, பேசி அனுப்பிவிடலாம். கத்திரிக்கோலைக் காட்டிக் கொன்றுவிடுவேன் என்கிற மாதிரி மிரட்டினான் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் படிவத்தில் எழுதியாக வேண்டும். எழுதினால் பையனுக்குக் காக்கிச் சட்டை கிடையாது.

"அப்போ ஒரு வார்த்தையில நிக்குது" என்றார்.

"ஆமாங்கய்யா. காட்டினானா, கையில இருந்ததா."

"நம்மளா எழுதக் கூடாதுவே. அவன் வாயில வரணும்."

அண்ணனை எதிரில் உட்கார வைத்து, பேனாவைத் திறந்தேன். "கத்திரிக்கோல காட்டினானா, இல்ல கையில இருந்ததா?"

"காட்டினான் சார்" என்றான் சட்டென்று.

பேனா அங்கேயே நின்றது. ரைட்டர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். "அப்படி எழுதினா உன் தம்பிக்கு வேல போயிடும், தெரியுமா?" என்றேன். அவன் பதறுவான் என்று நினைத்தேன். அவன் முகம் தெளிந்தது.

"அப்ப அவன் எங்கயும் போவ மாட்டானா சார்?"

உதவி செய்யப் போய், திறந்திருந்த ஒரே கதவையும் நானே சாத்திவிட்டேன். சப் இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். எனக்கு அந்த அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. லத்தி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் சூது இல்லை. இரண்டு தறி, ஒரு ஆள், இனி என்ன செய்வது என்கிற பயம்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போது அண்ணன் மனைவி எழுந்தாள்.

"கையிலதான் சார் இருந்துச்சு. அறுக்கறவன் கையில வெச்சிகினு அறுக்காம கால்ல வெச்சிகினா அறுப்பான்?"

"நீ சும்மா இரு" என்றான் அவன். "அந்தத் தறிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் எறங்கறேன்."

"நீயா? பாவு பாதியில ஆளு மாறக் கூடாது."

"பாதி ஏது? அதான் அறுந்து போச்சே. இனிமே பிணைச்சா அது புதுப் பாவு. புதுப் பாவுல யாரு வேணா எறங்கலாம்."

இருபது வருட சர்வீஸில் எத்தனையோ வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. "பிணைக்கிறது யாரு?" என்றான் அண்ணன்.

"நான்" என்றான் தம்பி. அன்று முழுக்க ஸ்டேஷனில் அவன் பேசிய ஒரே வார்த்தை அது.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "கையில இருந்துச்சுன்னு எழுதிக்கிங்க சார்" என்றான். எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அன்று அவ்வளவு நன்றாக வரவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் சாமர்த்தியசாலி. படிவத்தில் உடனே கையெழுத்துப் போடவில்லை. "பிணைச்சு முடியட்டும். முடிஞ்சதை நீரு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லும்" என்றார். இதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. செய்யாதே என்றும் எங்கும் எழுதவில்லை.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். அறுந்த இழைகளைப் பிணைப்பது விளையாட்டல்ல. இந்தப் பக்கத்து இழை ஒன்று, அந்தப் பக்கத்து இழை ஒன்று, விரலில் சாம்பலைத் தொட்டு இரண்டையும் சேர்த்து முறுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில். ஒன்று மாறினால் அடுத்து எல்லாமே மாறும். தம்பி பாதி கூட முடிக்கவில்லை. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அண்ணன் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து சத்தமாக நெய்துகொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பார்வையிட வந்தவன். பார்வையிட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். பிறகு தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, மறுபக்கம் உட்கார்ந்து சாம்பலைத் தொட்டேன்.

நானும் நெசவு வீட்டுப் பிள்ளைதான். இவன் வயதில் நானும் தறியில் இருந்தேன். எனக்குப் போலீஸில் ஆர்டர் வந்தபோது என் தறியிலும் பாவு பாதியில் நின்றது. நான் அறுக்கவில்லை, அவ்வளவு தைரியம் கிடையாது. எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பாவை யார் முடித்தார்கள் என்று அதுவரை கேட்டதே இல்லை. சாம்பலைத் தொட்டபோதுதான் அது ஞாபகம் வந்தது. விரல் எதையும் மறந்திருக்கவில்லை. தம்பியைவிட வேகமாகவே ஓடியது.

நூறு இழை போயிருக்கும். வாசல் இருண்டது. சப் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். சீருடையில், விரலெல்லாம் சாம்பலோடு, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரில் உட்கார்ந்து நான் நூல் முறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து சல்யூட் அடித்தால் கையில் இருந்த இழை போய்விடும். எழவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், ஜீப்பில் சாய்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரைமணி நேரம் அந்தத் தெருவில் அப்படி என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாவு பிணைத்து முடிந்தது. அன்றே படிவத்தில், "மேற்படி நபர் மீது வழக்கு ஏதும் இல்லை, நன்னடத்தை உடையவர்" என்று எழுதினேன். சப் இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்தார். "பாவைன்னு எங்கயும் வரலையே?" என்றார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

தம்பி பயிற்சிக்குப் போனான். சில மாதம் கழித்து, கோயில் வாசலில் அண்ணன் மனைவியைப் பார்த்தேன். முதல் லீவில் வந்தானாம். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், நான் கொஞ்சம் நெய்கிறேன், நீங்கள் எழுந்திருங்கள் அண்ணி என்று தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றானாம்.

"எழுந்தீங்களா?" என்றேன்.

"நான் ஏன் சார் எழுந்துக்கறேன்? பாவு பாதியில ஆளு மாறக் கூடாது, போய் சோறு தின்னுன்னு அனுப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலமே என் அக்கா வீட்டுக்குப் போய் இதை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஸ்டேஷனில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவும் அதத்தான் சொல்லிகினு இருந்தாரு" என்றாள்.

"எத?"

"நீ உட்டுட்டுப் போன பாவு. நான் எறங்கறேன்னு கேட்டேன். அவரு உடல. ஆளு மாறக் கூடாது, அவன் லீவுல வந்து முடிப்பான்னாரு. எட்டு மாசம் துணி போத்தி வெச்சிகினு இருந்தாரு. அப்புறம் எலி கடிச்சிடுச்சு."

அந்த எட்டு மாதத்துக்குள் நான் லீவில் வந்திருந்தேன். மூன்று நாள். முதல் நாள் தூங்கினேன், இரண்டாம் நாள் சீருடை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டேன், மூன்றாம் நாள் சினிமாவுக்குப் போனேன். தறி இருந்த பக்கம் போன ஞாபகம் இல்லை.