நாலாம் கட்டிலுக்குப் பூண்டுக் குழம்பு

திண்டிவனத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எனக்கு ஆயா வேலை. கட்டில் துடைப்பது, பெட்பான் எடுப்பது, சாப்பாட்டுக் கேரியரைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. படிப்பு ஐந்தாவது வரைதான். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், டைப் அடிக்க வராது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆஸ்பத்திரி வாட்ஸப் குரூப்பில் என்னைச் சேர்த்தார்கள், நான் பார்ப்பதோடு சரி.

அதில் ஒரு பழக்கம். தினம் காலையில் பெரிய சிஸ்டர் நர்ஸ் ரூம் போர்டில் கட்டில் நம்பர், பேர், ஊர், என்ன வைத்தியம், என்ன ஆகாரம் என்று எழுதுவார். எங்களுக்கும் புரியட்டும் என்று தமிழில்தான் எழுதுவார். எழுதினதும் ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுவார். டாக்டரம்மா வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார். அப்புறம், இட்லி எத்தனை கஞ்சி எத்தனை என்று ஒவ்வொரு வேளையும் போன் போடுவானேன் என்று பின் தெருவில் மெஸ் நடத்துகிற அம்மாவையும் அதே குரூப்பில் சேர்த்தார்கள். போட்டோ போடுகிற பழக்கம் மாறவில்லை. அவள் வெளி ஆள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். தினம் நமக்கெல்லாம் சோறு அனுப்புகிறவளை யார் வெளி ஆளாக நினைப்பார்கள்?

அன்றைக்கு நாலாம் கட்டிலில் இருந்த பெண் கண்டாச்சிபுரம் பக்கம். கிட்டத்திலேயே விழுப்புரம் இருக்க, அதைத் தாண்டி இங்கே வந்திருந்தார்கள், அவளும் புருஷனும். முதுகு துடைத்துவிடும்போது சொன்னாள்.

"விழுப்புரத்துல எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்க ஊரு ஆளு ஒண்ணு உக்காந்துகினு இருக்கும் ஆயா. மாமியார்கிட்ட வயித்துப் புண்ணுன்னு சொல்லிட்டு வந்துருக்கோம். ரெண்டாவது தடவையும் தங்கலன்னு தெரிஞ்சா அவருக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிடுவாங்க."

"இங்க யாருக்கும் தெரியாது, படு கண்ணு," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. வராண்டாவுக்கு வந்து பார்த்தேன். போர்டு போட்டோ. நாலாவது வரியில் அவள் பேர், அவள் ஊர், 'அபார்ஷன்', 'கஞ்சி'. அந்த ஊர்ப் பேரைக் கூட்டிப் படிக்கும்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. மெஸ்காரம்மாவின் தாய்வீடு அதே ஊர். கேரியர் வாங்கும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

நர்ஸ் ரூமுக்கு ஓடினேன். பெரிய சிஸ்டர் சிசேரியனுக்கு உள்ளே போய்விட்டார், டாக்டரம்மாவும். தியேட்டர் கதவைத் தட்ட முடியாது. போட்டவரால்தான் அதை அழிக்க முடியும் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். மைக்கை அமுக்கிப் பேசலாம். ஆனால் குரூப்பில் பேசினால் மெஸ்காரம்மா காதிலும் விழும். பார்க்காதவளையும் கூப்பிட்டுக் காட்டின மாதிரி ஆகும். விரலை மைக் கிட்டே கொண்டுபோவதும் எடுப்பதுமாக நின்றேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். நாலாம் கட்டில் பக்கம் மட்டும் போகவில்லை.

சிஸ்டர் முகமெல்லாம் வேர்வையாக வெளியே வந்தார்.

"சிஸ்டர், போர்டு..."

"போர்டுக்கு இன்னா ஆயா? ஜல்தியா சொல்லு, கொழந்தைய தொடைக்கணும்."

"மெஸ்காரம்மா அந்த ஊருங்க. நாலாம் கட்டிலு ஊரு."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. போனை எடுத்து அழித்தார். "பாத்துருக்க மாட்டா ஆயா. அடுப்பாண்ட நிக்கிற நேரம்," என்றவர், அப்படியே நின்றார். "யார் யார் பாத்தாங்கன்னு போன்ல எனக்குக் காட்டும். அதப் பாக்காம அழிச்சிட்டேனே."

மத்தியானம் மெஸ்காரம்மா புருஷன் மொபெட்டில் வந்து கேரியர்களை வைத்துவிட்டுப் போனார். நாலாம் நம்பர் கனமாக இருந்தது. கஞ்சி அவ்வளவு கனக்காது. கொண்டுபோய்த் திறந்தேன். குழைந்த சோறு, பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும், கரு தங்காமல் போனவளுக்கும் போடுகிற பத்தியம். யாரும் கேட்கவில்லை. அவளாகச் செய்து அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் பெண் வாசனை பிடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"யாரு ஆயா சொன்னது?"

யாரும் வாயால் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். சோறு ஆறிப்போன பிறகு கொஞ்சம் சாப்பிட்டாள்.

சாயங்காலம் காலிக் கேரியர் எடுக்க மெஸ்காரம்மாவே வந்தாள். பின்பக்கக் குழாயில் நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நாலாம் கட்டிலு சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"எங்க தெருவுக்கு அடுத்த தெருதான். பாவம், கஞ்சி குடிச்சா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? ஞாயித்துக்கெழம ஊர்ல கூழ் ஊத்துறாங்க ஆயா, போறேன்."

கழுவின கேரியர்த் தூக்கையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். அவளை நேராகப் பார்க்க முடியாமல் தூக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அங்க யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அவ வாழ்க்க போயிடும்."

"இத கேக்கவா இம்மா நேரமா அந்தத் தூக்கத் தேய்ச்சிகினு இருந்த? மொதல்ல கொழாய மூடு ஆயா, தண்ணி வீணாப் போவுது."

சொல்ல மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மெஸ்ஸுக்குத் தனிக் குரூப் ஆரம்பித்தார்கள். அதில் கஞ்சி எத்தனை, சாப்பாடு எத்தனை, அவ்வளவுதான். எது எந்தக் கட்டிலுக்கு என்று பார்த்து வைப்பது எங்கள் வேலை. வெளியிலிருந்து ரத்தம் எடுக்க வருகிறவரையும் பழைய குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார் சிஸ்டர். அந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஊருக்குப் போய்வந்த மெஸ்காரம்மா கேரியரை நீட்டினாள். முகம் வாடியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"நான் மூச்சு விடல ஆயா. ஆனா கோயிலாண்ட அந்தப் பொண்ணு மாமியார் பக்கத்துல நின்னுகினு இருந்தா. என்னப் பாத்ததும் கூழ்ச் சொம்ப அப்படியே கீழ வெச்சிட்டு அந்தாண்ட போய்ட்டா. எங்க போனாலும் திரும்பித் திரும்பி என்னையே பாக்குறா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல."

கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நாலாம் கட்டிலில் அன்றைக்கு வேறு யாரோ படுத்திருந்தார்கள்.