தாழைக்கோழிக்கு விட்ட ஓரம்

எங்கள் வயலுக்கு ஒரு பக்கம் வரப்பே கிடையாது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாக ஏறிவந்து பயிரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அங்கே முளைக்கும் கோரையை வருஷா வருஷம் என் கணவர் வெட்டி நேராக்குவார். போன வருஷம் நான்தான் தடுத்தேன். பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கை விவசாய வகுப்புக்குப் போய்வந்த புதுசு. நீரும் நிலமும் சேருகிற ஓரத்தில்தான் உயிர் அதிகம், அதை வழித்துத் துடைக்காதீர்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

"நெல்லு வெளையிற எடத்துல புல்லு வளக்கப் போறாளாம்" என்று அவர் சிரித்தார். நானும் விடவில்லை.

மழை பெய்தது. கோரை ஆள் உயரம் வளர்ந்தது. முக்குளிப்பான் வந்தது, குருட்டுக்கொக்கு வந்தது. நான் பூரித்துப்போனேன். பிறகு தாழைக்கோழிகள் வந்தன. நீல உடம்பு, சிவப்பு அலகு, பார்க்கப் பார்க்க அழகு. அந்த அழகுதான் எங்கள் நெற்பயிரைக் காலால் பிடித்து, கடித்து முறித்துத் தூக்கிக்கொண்டு போனது. மழையை நம்பி ஒரே போகம், வருஷம் முழுக்க வீட்டுச் சோறு அதில்தான். கார்த்திகை முடிவதற்குள் வயலில் ஒரு மூலை மொட்டை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கோரைய வெட்டிருங்க" என்றேன்.

அவர் அரிவாளோடு உள்ளே போனார். ஒரு தாளும் அறுக்காமல் திரும்பி வந்தார்.

"முட்ட கெடக்கு. நம்ம நெல்லுத் தாளுலதான் கூடே கட்டியிருக்கு."

"இருந்தா?"

"பிள்ளப்பேத்துக்கு வந்ததுகள வெரட்டுறதா? தீவாளிக்கே வெடி போடாத ஊரு இது."

அந்தக் கட்டுப்பாடு, கண்மாய்க்குள் கருவேல மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காக. வயலில் மேய்கிற பறவையைத் தகரம் தட்டி விரட்டுவதும் இதே ஊர்தான்.

"கம்மாய்க்குள்ளன்னா சரி. இது நம்ம வயலுங்க."

"கம்மா எங்கன முடியுது, வயலு எங்கன ஆரம்பிக்குது? காட்டு பாப்போம்."

காட்ட முடியவில்லை. அந்தக் கோட்டை அழித்தவளே நான். வெட்டச் சொல்லி மல்லுக்கட்டுவது நான், வேண்டாம் என்பது அவர். யார் கட்சியில் யார் இருக்கிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஒரு கூத்து நடந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பயிரையும் காக்க வேண்டும், அடைகாக்கும் கோழி மிரளாமல் சத்தமும் போடக் கூடாது. பழைய சேலையை வீசிக்கொண்டு, வாயைத் திறக்காமல், சேற்றில் நான் ஓடினேன். ஊமைக்கூத்து. ஒரு தாழைக்கோழி என் கண்ணெதிரிலேயே ஒரு தாளை முறித்தது. நீ நாசமாப் போக என்று மனசுக்குள் திட்டினேன். அது தாளைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. தாளின் நுனி கோரையில் சிக்கிக்கொண்டது. கோழி இழுத்தது, வரவில்லை.

எனக்குப் பதறியது. சேலையைக் கீழே போட்டுவிட்டு, அது அந்தத் தாளோடு கூட்டுக்குள் போய்ச் சேரும்வரை அசையாமல் நின்றேன்.