கதவைத் தட்டாத உபதேசியார்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. ஜெபக் கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அப்பாவைத் தெரியும்; அவருடைய பாட்டும் தெரியும். சுருதி சேராத அந்தக் குரலை அவர் ஏன் வாசலுக்கு வாசல் நின்று உயர்த்தினார் என்பது எல்லோருக்கும் தெரியாது. அதை மகள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆராதனைகளில் அப்பாவே சாட்சியாகச் சொன்னதுதான், நான் எதையும் புதிதாக அம்பலப்படுத்தவில்லை.

அப்பா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில். மழை பொய்த்த வருஷங்களில் குடும்பத்தோடு ஜொகூர்ச் சீமைக்குக் கப்பலேறி, ரெங்கத்துக்கு அருகே ஒரு கித்தாத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ரப்பர் மரங்களில் பால் வெட்டத் தொடங்கி, உழைப்பாலும் உரத்த குரலாலும் சின்னக் கங்காணி ஆனார். விடியுமுன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கதவுகளைப் பிரம்பால் தட்டி ஆட்களை எழுப்பி, துரை முன்னால் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு ஓட்டிச் செல்வது அவர் வேலை. சீக்காளிகளும் பெரட்டுக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அதில் பாதிப்பேர் நடிக்கிறார்கள் என்பது கங்காணிகளின் எண்ணம்.

பெரிய யுத்தம் நடந்த காலத்தில், ஒரு மழைக்காலையில், அதே லயத்தில் குடியிருந்த முனியாண்டி மாமா வீட்டுக் கதவை அப்பா தட்டினார். மாமாவின் மனைவி கடுங்காய்ச்சலில் கிடந்தார். "நடிக்காம எந்திரி" என்று அப்பா விடாமல் தட்டினார். அந்த அம்மாள் எழுந்து வந்து மழையில் நின்று பெயர் கொடுத்தார். அந்த வாரமே தோட்டத்து ஆசுபத்திரியில் இறந்துபோனார்.

அப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கங்காணியைக் கேட்பவர் யார்? ஆனால் அப்பா தம் வேதப் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். ஜொகூர் பாருவிலிருந்து மாதந்தோறும் வரும் போதகர், இந்தத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் வேதம் சொல்லும் உபதேசியாராக வரும்படி அவரை அழைத்துக்கொண்டே இருந்தார். "எழுத்துக்கூட்டித்தான் ஐயா வாசிப்பேன், நமக்கு எதுக்கு அது" என்று அப்பா நழுவுவார். உண்மையை அம்மாவிடம்தான் சொன்னார்: "இந்தக் கையில வேதத்த எடுத்துட்டுப் போனா எந்த வீட்டுல கதவு தொறப்பாங்க?"

மறு வருஷம் முனியாண்டி மாமாவின் மகளும் அதே காய்ச்சலில் விழுந்தாள். ஒரு மாலை மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா சொல்லக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"கங்காணியாரே, வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுங்க."

"என்னையா கூப்பிடுற, முனியாண்டி? உன் வாசல மிதிக்க எனக்கு யோக்கியத இல்லப்பா."

"இல்லதான். நான் ஒண்ணும் மறந்துட்டு வரல. கோயில்ல சூடம் கொளுத்திட்டேன், கசாயமும் குடுத்தாச்சு. இந்த லயத்துல வேதம் வாசிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். புள்ள கெடக்குறா. உங்க யோக்கியதய அப்பறம் பாத்துக்கலாம், வாங்க."

அப்பா போனார். அழுகை வந்த அளவுக்கு ஜெபம் வரவில்லையாம். மறுநாள் விடியுமுன், ஆட்களை எழுப்ப வேண்டிய நேரத்தில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு நடந்தார். அன்று லயத்தில் எந்தக் கதவும் தட்டப்படவில்லை. துரை கங்காணி வேலையைப் பறித்துக்கொண்டார். பிரம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பா சிரித்துக்கொண்டு வந்ததை அம்மா கடைசிவரை குறையாகச் சொல்வார். உலை வைக்க வேண்டியவர் அவரல்லவா! பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஜெபத்தாலா மருந்தாலா என்று யாராவது கேட்டால், இரண்டாலும்தான் என்பார் அப்பா.

அடுத்த முறை போதகர் வந்தபோது, அவர் கேட்குமுன் அப்பாவே சொன்னார்: "தகுதி வரட்டும்னு காத்திருந்தேன் ஐயா. அது வராது போலிருக்கு. நான் வந்துடுறேன்."

அன்றுமுதல் ரெங்கம், சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் சைக்கிளில் ஊழியம் செய்தார். எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். தட்டினால் ஜனங்களுக்குப் பழைய கங்காணி ஞாபகம் வரும், அவருக்கும் வரும். முற்றத்தில் நின்று அந்த ஒரே ஞானப்பாட்டைப் பாடுவார். கதவு திறந்தால் உள்ளே போவார், திறக்காவிட்டால் அடுத்த வீடு. "நாய் கொலைக்கிது, உபதேசியார் வந்துட்டாரு" என்று லயத்தில் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அப்படியே பாடுவார். பிள்ளைகள் எங்களுக்கு மானம் போகும்.

கித்தா விலை விழுந்து ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிய நாட்களில், ஒவ்வொரு குடும்பத்தோடும் மூட்டை சுமந்து ரயிலடி வரை போனார். அந்த அலைச்சலில்தான் நெஞ்சில் சளி கட்டியது. படுக்கையில் இருந்தபோதும், "பயப்படாதீங்க, எனக்குப் பயமில்ல" என்று எங்களைத்தான் தேற்றினார்.

மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட தோட்டத்து டிரஸருக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், எங்களைப் பட்டினி கிடக்க விடாமல் கஞ்சி கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

முனியாண்டி மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாமா இன்றும் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகிறார். ஞானஸ்நானம் எடுக்கும்படி அப்பா கேட்காத வருஷமில்லை; மாமா சம்மதித்த வருஷமும் இல்லை. அப்பாவின் மூச்சு அடங்கிய காலையில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். வெளியே அந்தப் பாட்டு கேட்டது. அப்பா தவறும் இடத்திலெல்லாம் தவறி, அதே போலக் கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முனியாண்டி மாமா முற்றத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார்.