எட்டாம் நம்பர் மலையில் அடித்த கலண்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாத மழையில் ஹட்டன் ஊறிக்கிடந்த ஒரு சனிக்கிழமை. நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆப் ஒன்றைச் செய்கிற சின்னக் கம்பெனிக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் என் கால் தரையில் படவில்லை. நானே வடிவமைத்த முதல் வசதி வெளியாகியிருந்தது! ஆப்பில் வகுப்பைப் பதிவு செய்தால் அது தானாகப் போன் கலண்டரில் ஏறிவிடும், நேரத்துக்கு மணி அடிக்கும். கலண்டரில் அழித்தால் ஆப்பிலும் வகுப்பு ரத்தாகிவிடும். அந்தக் கடைசி யோசனை என் சொந்த மூளை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அன்று காலை ஆறரைக்கு ஒரு அழைப்பு. ரொசல்ல பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற பெண். உதவி ஆசிரியர் வேலைக்குத் திங்கட்கிழமை அவளுக்கு நேர்முகத் தேர்வு. கொழும்பிலிருக்கும் பயிற்சியாளரோடு அன்று மூன்று மணிக்குக் கடைசி வகுப்பு.

"மிஸ், வகுப்பு கேன்சல்னு வருதுங்க. நான் ஒண்ணுமே அமுக்கலைங்க."

"அமுக்காம எப்படிம்மா கேன்சலாகும்?" என்று எரிந்து விழுந்தேன். மறுபடி பதிவு செய்தேன். பத்தே நிமிடத்தில் ரத்து. இன்னொரு தடவை போட்டேன். அதுவும் ரத்து!

"விடுங்க மிஸ், எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான். பெரட்டுக்கு நேரமாச்சு" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாள். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம். பிந்தினால் அன்றைய பேர் கிடையாது, நாள் சம்பளம் போய்விடும்.

மதியம் வரை தலைகீழாக நின்று தேடினேன். என் வேலையில் ஒரு பிழையும் கிடைக்கவில்லை. அழுத குரல் காதைவிட்டுப் போகவுமில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி. அவள் எட்டாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவளுடைய அம்மா பிளேன்டீயைக் கையில் கொடுத்தபடியே சொன்னார்: "என் போன்லயும் மூணு மணி வகுப்புன்னு வந்துச்சுங்க. லயத்துல எல்லாருக்கும் வந்துச்சு. என்னமோ வைரஸ்னு ஆளாளுக்கு அழிச்சிட்டாங்க."

எல்லாருக்குமா? வாங்கிப் பார்த்தேன். மகள் போனிலும் அம்மா போனிலும் ஒரே ஈமெயில் கணக்கு, அதனால் ஒரே கலண்டர். பக்கத்து வீட்டிலும் அதேதான். டவுனில் போன் விற்கிற அண்ணன், வாங்குகிற அத்தனை பேருக்கும் தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருக்கிறார்! ஒருத்தி பதிவு செய்தால் தோட்டமே பார்க்கும். யார் அழித்தாலும் அவள் வகுப்பு போய்விடும். பாவம், அந்தப் பிள்ளையைப் போய்த் திட்டினேனே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

அழித்தால் ரத்தாகும் அந்த அருமையான யோசனையை வாசற்படியில் உட்கார்ந்தே பிடுங்கி எறிந்தேன். பயிற்சியாளரைக் கெஞ்சிக் கேட்டு மூன்று மணியைத் திரும்ப வாங்கினேன். இரண்டு இருபது. ஆனால் அவளுக்கு யார் சொல்வது? எட்டாம் நம்பர் மலைக்கு ஏற முக்கால் மணி நேரமாகும். அவளோடு மலையில் வேலை செய்கிற இரண்டு பேருக்குப் போன் அடித்துப் பார்த்தோம். மழைக்குப் பொலித்தீனில் சுற்றிய போனை யார் எடுப்பார்கள்?

அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். எல்லாப் போனும் சேர்ந்து அடித்தால்?

அவள் போனை எடுத்து, அவள் பேரைப் போட்டு, 'வகுப்பு இருக்கு, உடனே இறங்கி வா' என்று கலண்டரில் எழுதி, அடுத்த நிமிடத்துக்கே மணி வைத்தேன். அம்மாவின் போன் அடித்தது. பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று லயம் முழுக்க டிங் டிங் டிங்! நாங்கள் வாசலுக்கு ஓடி மலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நான் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டேன்.

"அந்தா வர்றா!" என்று அம்மா கத்தினார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, சேறு தெறிக்க, தேயிலைக்கு நடுவே அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"எல்லாப் போனும் ஒண்ணா அடிச்சிச்சு மிஸ்!" என்றாள் மூச்சு வாங்க. "கங்காணி ஐயாவே, 'என் போன்லயும் நீதான் வந்திருக்க, ஓடு புள்ள'ங்கிறாரு. கொழுந்த நாங்க நிறுத்துக்கிறோம்னு அக்காமாரு கூடைய புடுங்கிக்கிட்டாங்க."

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, முகத்தைத் துடைத்துக்கொண்டு கெமராவுக்கு முன் உட்கார்ந்தாள். படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. முக்கால் மணி நேரம் அவள் பதில் சொன்ன அழகைக் கேட்டு வெளியே நின்ற எனக்குச் சிலிர்த்தது.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க மிஸ். திங்கக்கிழமையும் எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி வச்சிருங்க" என்று சிரித்தாள்.

வைத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் அந்த அறைக்குள் நுழைந்தபோது மலையில் எல்லாப் போனும் அடித்ததாம். பறிக்கிற கையை நிறுத்திவிட்டு எல்லாரும் ஒரு நிமிடம் கும்பிட்டார்களாம். அவளுக்கு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான், அவர்கள் அரைமனதோடு சம்மதிக்க, ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுத்தேன்.

ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கலண்டர் என்றே வரைந்து பழகியவள் நான். ஒருத்தியின் மூன்று மணி ஒரு மலைக்கே மூன்று மணியாக இருக்க முடியும் என்பதை அந்தச் சனிக்கிழமைதான் கண்ணால் பார்த்தேன்.